தலைப்பிரசவமும் நம் வீட்டு ஆண்களும்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப தினத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஐம்பதாம் ஆண்டு நிகழ்ச்சியில் பேச வேண்டும் என்று என்னை அழைத்தபோது, வியாபாரத்தைப் பற்றித்தான் பேசச் சொல்வார்கள் என்று நினைத்தேன். மகளிர் பிரிவினர் கொடுத்த தலைப்பு வேறு. "தலைப்பிரசவத்தைப் பற்றிப் பேசுங்கள். நாங்கள் எங்களுக்குள் பலமுறை பேசிவிட்டோம். ஆண்கள் இன்னும் கேட்கவில்லை. ஓர் ஆண் சொன்னால் கேட்பார்கள்" என்றார்கள். நான் டாக்டர் இல்லை. பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு ஜொகூர் பாருவில் துணிக்கடை நடத்துகிறவன். இதைப் பற்றிப் பேச எனக்கு இருக்கும் ஒரே தகுதி, என் வீட்டில் நான் செய்த ஒரு தவறுதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன், என் மனைவி முதல் பிள்ளையைச் சுமந்து 36ஆவது வாரம். ஹரிராயா விற்பனை மும்முரமாக இருந்த நேரம். முதல் நாள் கிளினிக்கில் செக்கப் இருந்தது. கடையை விட்டு வர முடியாததால், "அடுத்த வாரம் போய்க்கலாம்" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலையிலிருந்து அவருக்குத் தலைவலி. விரலில் இருந்த மோதிரம் கழலவில்லை. என் உம்மா தன் அனுபவத்தில், "மாசமா இருக்கும்போது கை கால் வீங்கத்தான் செய்யும், உப்பைக் குறைச்சுக்கம்மா" என்றார்கள். எனக்கு போன் வந்தது. நான் சொன்னது இதுதான்: "பனடோல் ரெண்டு போட்டுக்க. கடையடைச்சிட்டு வந்து பார்க்கிறேன்."

கடையடைக்க இரவு பதினொரு மணியாகும். ஆனால் மூன்று மணிக்கு கிளினிக்கிலிருந்து மிஸி வீட்டுக்கு போன் செய்தார். ஏன் நேற்று வரவில்லை என்று கேட்டார். பிறகு, தலைவலி இருக்கிறதா, கண் மங்கலாகத் தெரிகிறதா, மேல்வயிற்றில் வலி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பதிலைக் கேட்டதும், "இப்போதே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்" என்றார். பக்கத்து வீட்டு மக்சிக்தான் காரை எடுத்தார். அங்கே இரத்த அழுத்தம் 170/110. சிறுநீரில் புரதம். வலிப்பு வராமல் இருக்க ஊசி மருந்து ஏற்றி, அன்றிரவே ஆபரேஷன் செய்தார்கள். மகள் 2.1 கிலோ. அல்ஹம்துலில்லாஹ், தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்தப் பிள்ளை இன்று இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள்.

அன்று எங்களுக்கு என்ன குறை இருந்தது? ஆஸ்பத்திரி இருபது நிமிட தூரத்தில் இருந்தது. வாகனம் இருந்தது. பணம் இருந்தது. "இப்போதே போக வேண்டும்" என்று முடிவெடுக்கத்தான் வீட்டில் ஆள் இல்லை. முடிவெடுக்கும் உரிமையை நான் கடையில் என்னோடு வைத்துக்கொண்டிருந்தேன்.

சகோதரர்களே, முதல் பிரசவம் மற்றப் பிரசவங்களிலிருந்து ஏன் வேறுபடுகிறது என்பதை நமக்குப் பழகிய முறையில் சொல்கிறேன். பழைய வாடிக்கையாளர் கடனுக்குக் கேட்டால் பேரேட்டைப் புரட்டினால் போதும், ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். புது ஆளுக்குப் பேரேட்டில் ஒரு வரிகூட இருக்காது. முதல் தடவை சுமக்கும் பெண்ணின் நிலையும் அதுதான். அவள் உடல் கர்ப்பத்தை எப்படித் தாங்கும், வலி வந்தால் எவ்வளவு நேரம் எடுக்கும், இரத்தப்போக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல முன்கணக்கு எதுவும் இல்லை.

என் மனைவிக்கு வந்த நோயை டாக்டர்கள் பிரி-எக்லாம்ப்சியா என்கிறார்கள். கர்ப்பத்தின் 20ஆவது வாரத்துக்குப் பிறகு இரத்த அழுத்தம் 140/90க்கு மேல் ஏறுவதும், சிறுநீரில் புரதம் போவதும் அதன் அடையாளம். இது முதல் பிள்ளையைச் சுமப்பவர்களிடம்தான் அதிகம் வருகிறது. தொடக்கத்தில் வலியும் தெரியாது, வேதனையும் தெரியாது. அதனால்தான் கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் கையில் பட்டையைக் கட்டி அழுத்தம் பார்க்கிறார்கள், சிறுநீர் கேட்கிறார்கள். "போனால் பிரஷர் பார்த்துட்டு அனுப்பிடுறாங்க, அதுக்கு அரை நாள் போகுது" என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். அந்த இரண்டு சோதனைகள்தான் உயிரைக் காக்கின்றன. நோய் முற்றினால் வலிப்பு வரும். அதைத் தடுக்கக் கொடுக்கும் மெக்னீசியம் சல்ஃபேட் ஒன்றும் விலை உயர்ந்த மருந்து இல்லை. 33 நாடுகளில் 10,000க்கும் அதிகமான பெண்களிடம் நடத்தி 2002இல் வெளியிட்ட மேக்பை ஆய்வு, அந்த மருந்து வலிப்பு அபாயத்தைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று காட்டியது. ஆனால் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவளுக்குத்தானே அதைக் கொடுக்க முடியும்?

இன்னொன்று கர்ப்பகால நீரிழிவு. 2022ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் நான்கில் ஒருவருக்கு மேல் இது இருப்பதாகத் தெரியவந்தது. நம் இந்திய வம்சாவளியினருக்கு இந்த ஆபத்து கூடுதல். "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்" என்று நெய்ச்சோறும் தே தாரிக்குமாகக் கொடுக்கும் மாமிமார்களும் உம்மாமார்களும் இதைக் கொஞ்சம் கவனத்தில் வைக்க வேண்டும். இனிப்புத் தண்ணீரைக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் காக்கவைத்து இரத்தம் எடுக்கும் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. சர்க்கரை கட்டுப்படாவிட்டால் பிள்ளை அளவுக்கு மீறிப் பெருத்து, முதல் பிரசவம் மேலும் சிரமமாகும்.

நம் பெரியவர்கள் சிலர், "அந்தக் காலத்தில் நாங்கள் எந்த செக்கப்புக்குப் போனோம்? வீட்டிலேயே பத்துப் பிள்ளை பெற்றோம்" என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் பெற்றவர்கள்தான் இன்று அதைச் சொல்ல இருக்கிறார்கள். சொல்ல இல்லாமல் போனவர்களும் உண்டு. ஒவ்வொரு குடும்பத்திலும் கேட்டுப் பாருங்கள், "தலைப்பிரசவத்தில் மவுத்தாகிவிட்டார்கள்" என்று ஒரு பெயராவது வரும். 1957இல், நாடு சுதந்திரம் அடைந்த ஆண்டில், மலாயாவில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு ஏறக்குறைய 280 தாய்மார்கள் இறந்தார்கள். 1950களின் தொடக்கத்தில் அது 500க்கும் மேல் இருந்தது. 2020இல் அது 25 அளவுக்கு வந்துவிட்டது. அன்று முந்நூற்றைம்பது பிரசவத்துக்கு ஒரு தாய் போனாள் என்றால், இன்று நாலாயிரத்துக்கு ஒருத்தி.

இந்த மாற்றம் பெரிய பெரிய இயந்திரங்களால் வந்ததில்லை. 1950களில் கெடா மாநிலத்தின் ஜித்ராவில் கிராமப்புறச் சுகாதாரப் பயிற்சி மையம் அமைத்து, மருத்துவச்சிகளையும் தாதியரையும் பயிற்றுவித்தார்கள். கம்போங்குகளிலும் உள்ளூர்களிலும் சிறு சிறு கிளினிக்குகளைக் கட்டி அவர்களை அங்கேயே குடியமர்த்தினார்கள். ஏற்கெனவே இருந்த பீடான் கம்போங் பாட்டிகளை விரட்டவில்லை. அவர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள், சுத்தமான உபகரணப் பெட்டி கொடுத்தார்கள். 1966இல் மருத்துவச்சிச் சட்டம் வந்தது. காலப்போக்கில் பிரசவம் பார்ப்பது அரசாங்க மிஸியின் வேலை என்றும், உடம்பு பிடித்துவிடுவதும் பிரசவித்தவளைக் கவனிப்பதும் பாட்டியின் வேலை என்றும் பிரிந்தது. இந்தப் பிரிவினை எனக்கு மிகவும் பிடிக்கும். நம் வீட்டிலும் அப்படியே இருக்கட்டும். எண்ணெய் தேய்ப்பது, பக்குவமாகச் சமைப்பது, துஆ ஓதி ஊதுவது, தைரியம் சொல்வது எல்லாம் நன்னிமாருடைய வேலை. இரத்த அழுத்தம், சிறுநீர், இரத்தச் சோதனை மிஸியுடைய வேலை. ஒருவர் வேலையில் மற்றவர் தலையிட வேண்டாம்.

1991இல் சுகாதார அமைச்சு இன்னொரு நல்ல காரியம் செய்தது. நாட்டில் எந்தத் தாய் பிரசவத்தின் காரணமாக இறந்தாலும், யாரையும் தண்டிப்பதற்காக இல்லாமல், எங்கே தவறியது என்று அறிவதற்காக இரகசியமாக ஆராயும் முறையைக் கொண்டு வந்தது. அதுவரை கணக்கில் வராத மரணங்களும் அப்போது வெளியே வந்தன. கணக்கை மறைத்தால் நஷ்டம் தீராது என்பது வியாபாரிகளாகிய நமக்குத் தெரியும். மிஸி கையிலுள்ள வண்ண அடையாளமும் நமக்குத் தெரிய வேண்டும். கர்ப்பிணியின் பிங்க் புத்தகத்தில் சிவப்பு அடையாளம் போட்டால் உடனே ஆஸ்பத்திரி. மஞ்சள் என்றால் தாமதமின்றி நிபுணரைப் பார்க்க வேண்டும். பச்சை என்றால் கிளினிக் டாக்டர் பார்ப்பார். வெள்ளை என்றால் மிஸியே கவனிப்பார். வேறு எந்தக் கோளாறும் இல்லாத பெண்ணாக இருந்தாலும், முதல் பிரசவம் என்றால் ஆஸ்பத்திரியில்தான் என்பது வழிகாட்டி. கணவன்மார்களே, உங்கள் மனைவியின் புத்தகத்தில் இன்று என்ன நிறம் என்று உங்களுக்குத் தெரியுமா?

தாய் மரணங்களை ஆராய்ந்த தாடியஸ், மேன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் மூன்று தாமதங்களைப் பற்றி எழுதினார்கள். முதலாவது, போக வேண்டும் என்று முடிவெடுப்பதில் தாமதம். இரண்டாவது, போய்ச் சேர்வதில் தாமதம். மூன்றாவது, சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம். இரண்டாவதையும் மூன்றாவதையும் சரிசெய்ய சாலை வேண்டும், ஆஸ்பத்திரி வேண்டும். அவை ஜொகூரில் இருக்கின்றன. ஜொகூர் பாருவின் சுல்தானா அமினா மருத்துவமனை 1941இலிருந்தே இருக்கிறது. மூவார், பத்து பஹாட், குளுவாங், சிகாமட் எல்லா இடத்திலும் அரசாங்க மருத்துவமனை உண்டு. முதல் தாமதத்தை எந்த அரசாங்கமும் சரிசெய்ய முடியாது. அது நம் வீட்டுக் கூடத்தில் நடக்கிறது. "வாப்பா வரட்டும், கேட்டுப் போகலாம்", "மாமியிடம் சொல்லிவிட்டுப் போகலாம்", "விடியட்டும்". இந்த மூன்று சொல்லும்தான் அந்தத் தாமதம்.

நம் சமூகத்துக்கே உரிய இரண்டு விஷயங்களை இங்கே சொல்லியாக வேண்டும்.

முதலாவது, தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கம். நல்ல வழக்கம். பயந்திருக்கும் பெண்ணுக்குத் தன் உம்மா பக்கத்தில் இருப்பதைவிடப் பெரிய தைரியம் இல்லை. ஆனால் ஏழாம் மாதம், எட்டாம் மாதம் வீடு மாறும்போது கிளினிக்கும் மாறுகிறது. ஜொகூர் பாருவில் பதிந்த பெண் மூவாருக்கோ கிள்ளானுக்கோ போகிறாள். ஆபத்து கூடும் கடைசி வாரங்களில் அவளை அதுவரை பார்த்து வந்த மிஸி அவள் பக்கத்தில் இல்லை. ஆகவே போவதற்கு முன்பே கிளினிக்கில் சொல்லுங்கள். போன வாரத்திலேயே அங்குள்ள கிளினிக்கில் பதியுங்கள். பிங்க் புத்தகம் துணிப்பெட்டிக்குள் போகக் கூடாது, கைப்பையில் இருக்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு மிஸி வீட்டுக்கே வந்து பார்ப்பது நம் நாட்டில் வழக்கம். முதல் நான்கு நாளும், பிறகு 6, 8, 10, 20ஆம் நாட்களிலும் வருவார். விலாசம் மாறியதைச் சொல்லாவிட்டால் அவர் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்?

இரண்டாவது, தமிழ்நாட்டிலிருந்து வந்த மருமகள்கள். நம் பாட்டனார் காலத்தில் ஆண்கள் மட்டும் கப்பலேறி வந்தார்கள். பெண்கள் ஊரில் பெற்றார்கள். பிள்ளை பிறந்த செய்தி கடிதத்தில் வந்தது. இன்று மனைவியை அழைத்துக்கொண்டு வருகிறோம். அந்தப் பெண்ணுக்கு மலாய் தெரியாது. உம்மா கடல் கடந்து இருக்கிறார். "ஏதோ சரியில்லை" என்று அவளுக்குத் தோன்றினால் யாரிடம், எந்த மொழியில் சொல்வாள்? குடியுரிமை இல்லாதவர்களுக்கு அரசாங்க மருத்துவமனையில் கட்டணமும் வேறு. பணத்தை யோசித்து செக்கப்பைத் தள்ளிப் போடும் வீடுகள் நம்மிடையே உண்டு என்று எனக்குத் தெரியும். கர்ப்பம் உறுதியான மாதத்திலேயே கட்டணத்தை விசாரித்து, மாதாமாதம் ஒதுக்கி வையுங்கள். கல்யாணத்துக்கு இத்தனை ஆயிரம் வெள்ளி செலவழித்த நாம் இதற்குச் சுணங்கலாமா?

எல்லைக்கு அப்பால் வேலை செய்யும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பாலம் மூடப்பட்டபோது, சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டு மனைவியின் முதல் பிரசவத்தை போனில் பார்த்தவர்கள் ஜொகூரில் பலர். அதற்கு அடுத்த ஆண்டு கொவிட் காரணமாக நாட்டில் தாய் மரண விகிதம் ஒரு லட்சத்துக்கு 68ஆக ஏறியது. பல ஆண்டுகளாக இறக்கிய கணக்கு ஒரே ஆண்டில் ஏறிவிட்டது. நாம் பக்கத்தில் இல்லாத நாளிலும் வேலை நடக்கும்படி ஏற்பாடு செய்து வைக்க வேண்டும் என்பதே அதில் நமக்குப் பாடம்.

இனி பிரசவ அறைக்கு வருகிறேன். முதல் பிரசவம் நேரமெடுக்கும். கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகே முழு வேகமான பிரசவ வலி தொடங்குகிறது என்றும், முதல் பிரசவத்தில் அதற்குப் பின் பொதுவாக 12 மணி நேரம் வரை ஆகலாம் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் சொன்னது. அதற்கு முந்திய மெல்லிய வலி எவ்வளவு நீடிக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே வெளியே காத்திருக்கும் நாம் மணிக்கொரு முறை போய், "இன்னும் ஆகலையா, ஆபரேஷன் பண்ணிடுங்க" என்று நெருக்க வேண்டாம். அதேபோல், டாக்டர் ஆபரேஷன் தேவை என்று சொன்னால், "எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் சுகப்பிரசவம்தான்" என்று கையெழுத்துப் போடாமல் இழுக்கவும் வேண்டாம். ஆபரேஷனில் பெற்றவளை அந்தச் சொல்லால் குத்தவும் வேண்டாம். அவளும் பெற்றவள்தான்.

பல மருத்துவமனைகளில் இப்போது கணவரையோ ஒரு பெண் துணையையோ உள்ளே அனுமதிக்கிறார்கள். முன்கூட்டியே கேட்டு வையுங்கள். 15,000க்கும் அதிகமான பெண்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, பிரசவ நேரம் முழுதும் ஒருவர் துணையாக இருந்தால் இயல்பாகப் பிரசவிக்கும் வாய்ப்பு கூடுகிறது, ஆபரேஷன் குறைகிறது, நேரமும் சற்றுக் குறைகிறது என்கிறது. துணையிருப்பவர் மருந்து எதுவும் கொடுப்பதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிறார், அவ்வளவுதான்.

இதை எண்ணும்போது எனக்குத் திருக்குர்ஆனின் மர்யம் அத்தியாயம் நினைவுக்கு வருகிறது. மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களுக்கும் அது முதல் பிரசவம். தனியாக, ஊரை விட்டு ஒதுங்கி, பேரீச்ச மரத்தடியில் வலி தாங்காமல், இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று சொல்லும் அளவுக்கு வேதனைப்பட்டார்கள். அல்லாஹ் அவர்களைக் கண்டிக்கவில்லை. முதலில் கவலைப்படாதே என்ற ஆறுதல் வந்தது. பிறகு காலடியில் தண்ணீர், கைக்கெட்டும் தூரத்தில் கனிந்த பேரீச்சம்பழம். ஆறுதல், தண்ணீர், உணவு. பிரசவ வலியில் இருக்கும் பெண்ணுக்கு நாம் கொடுக்க வேண்டியது என்ன என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா? பந்தாங் என்று சொல்லி, பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கும் வீடுகளுக்கும் இதில் பதில் இருக்கிறது. பால் கொடுப்பவளுக்குத் தாராளமாகத் தண்ணீர் கொடுங்கள்.

பிரசவத்தில் இறக்கும் பெண்ணுக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்று ஹதீஸில் வந்திருக்கிறது. அது இழந்த குடும்பத்துக்கு அல்லாஹ் தரும் ஆறுதல். அதைச் சொல்லி நம் அலட்சியத்தை மூடிக்கொள்ள முடியாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம்.

பிள்ளை பிறந்ததும் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். பிரசவத்துக்குப் பின் ஏற்படும் இரத்தப்போக்கு சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும். இரத்த அழுத்த நோய் பிள்ளை பிறந்த பிறகும் சில வாரங்களுக்கு வரலாம். கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, மூச்சுத் திணறல், காய்ச்சல், துணி மாற்றி மாற்றி வைத்தும் நனையும் இரத்தம், கெண்டைக்காலில் ஒரு பக்க வீக்கம், இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்கக் கூடாது. கர்ப்பமாக இருக்கும்போது பிள்ளையின் அசைவு குறைந்தாலும் அப்படியே. 28ஆவது வாரத்திலிருந்து அசைவுகளை எண்ணிக் குறிக்கும் அட்டவணை பிங்க் புத்தகத்திலேயே இருக்கிறது. பகல் 12 மணி நேரத்தில் பத்து அசைவுகூட இல்லையென்றால் அன்றே போக வேண்டும். காரணமில்லாமல் அழுதுகொண்டே இருக்கும் இளம் தாயையும் "கண்ணேறு" என்று விட்டுவிடாமல் மிஸியிடம் சொல்லுங்கள்.

பொன்விழா ஆண்டில் நம் சங்கத்துக்கு நான்கு வேண்டுகோள் வைக்கிறேன். ஒன்று, இரவில் கூப்பிட்டாலும் காரை எடுக்கத் தயாராக இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்கட்டும். அவசரமென்றால் 999. மற்ற நேரத்துக்கு நம் ஆள். இரண்டு, மலாய் தெரியாத மருமகள்களோடு கிளினிக்குக்குத் துணையாகப் போக நம் சகோதரிகள் சிலர் முன்வர வேண்டும். மூன்று, ஆண்டுக்கு இரண்டு முறை இரத்த தான முகாம். ஒரு தாய்க்கு ஏற்றும் இரத்தம் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? நான்கு, ஆண்டுக்கு ஒரு நாள் அரசாங்க மிஸி ஒருவரை அழைத்து, கணவன்மார்களுக்கு மட்டும் ஒரு வகுப்பு. அன்று நான் கடையை மூடிவிட்டு வருகிறேன். இன்ஷா அல்லாஹ், நீங்களும் வாருங்கள்.

வீட்டுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். மாசமாக இருக்கும் பெண் "போகணும்" என்று சொன்னால், அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை என்று இன்றே வீட்டில் சொல்லி வையுங்கள். உம்மாவிடமும் மாமியிடமும் சொல்லுங்கள், மனைவியிடம் நேராகச் சொல்லுங்கள். போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்றால், பெட்ரோல் காசுதான் நஷ்டம்.

அன்று அந்த மிஸி போன் செய்யாமல் இருந்திருந்தால் நான் இன்று இந்த மேடையில் நின்றிருக்க மாட்டேன். அவருடைய முகத்தை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். நன்றி சொன்னபோது, "வராதவர்களுக்கு போன் செய்வது எங்கள் வழக்கமான வேலைதான்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

நம் பெண்களையும் அவர்கள் சுமக்கும் பிள்ளைகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. தாய்மார்களுக்குத் துணை நிற்கும் மருத்துவச்சிகளுக்கும் தாதியருக்கும் டாக்டர்களுக்கும் அருள் புரிவானாக. ஆமீன்.